கேள்வி–பதில்: மேசைப் போரில் யானைப்படை

கேள்வி: பண்டைக்காலப் போர்களைச் சிறு பொம்மைப் படைகளோடு மேசைமேல் ஆடும்போது என் யானைகளை முன்வரிசையில் நிறுத்தி, எதிரியின் காலாட்படைமீது நேராக ஏவுகிறேன். பெரும்பாலும் அவை பாதி வழியிலேயே மிரண்டு திரும்பி, என் அணியையே மிதித்துவிடுகின்றன. படையைச் சேர்க்கத் தரப்படும் புள்ளிகளை யானைகளுக்குச் செலவிடுவதே வீண்தானா?

பதில்: புள்ளிகளைக் குறை சொல்வதற்கில்லை, நீங்கள் தேர்ந்தெடுக்கும் இலக்கைத்தான் மாற்ற வேண்டும். கட்டுக்கோப்பான காலாட்படைக்கு யானையைச் சமாளிக்க வழி உண்டு. கி.மு. 202இல் ஜாமா களத்தில் கார்த்தேஜின் தளபதி ஹானிபல் எண்பதுக்கும் மேற்பட்ட யானைகளை முன்னால் ஏவினார். ரோமானியத் தளபதி சிப்பியோ தம் அணிகளுக்கிடையே நேர் சந்துகளை விட்டிருந்ததால், பல யானைகள் அவற்றின் வழியே ஓடிப் பயனற்றுப் போயின. எக்காள ஒலியில் மிரண்ட வேறு சில, ஹானிபலின் குதிரைப்படைமீதே பாய்ந்தன.

யானையின் உண்மையான மதிப்பு குதிரைப்படைக்கு எதிராகவே வெளிப்படுகிறது. பழக்கப்படாத குதிரைகள் யானையின் தோற்றத்துக்கும் வாடைக்கும் பிளிறலுக்கும் மிரளும் என்பதால், பல விதிநூல்களும் குதிரைவீரர்களுக்கு அங்கே கடுமையான பாதகத்தை விதிக்கின்றன. அலெக்சாந்தரின் தளபதிகள் தமக்குள் மோதிய போர்களில் ஒன்றான கி.மு. 301இன் இப்சஸ் போரில், எதிர்க்குதிரைகளைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் சென்றுவிட்ட டெமெட்ரியஸ் திரும்ப முயன்றபோது, செலூக்கஸின் யானைகள் குறுக்கே நின்று வழியை அடைத்தன. களத்தில் துணையற்று நின்ற தந்தை ஆண்டிகோனஸ் மாண்டார். கி.மு. 280இல் ஹெராக்ளியாவில் ரோமானியரை எதிர்த்த கிரேக்க மன்னர் பிர்ரஸ் தம் யானைகளைக் கடைசிக் கட்டம்வரை இருப்பில் வைத்திருந்து, ரோமானியக் குதிரைகள் அவற்றைக் கண்டு கலைந்த பிறகே தெசலியக் குதிரைப்படையை ஏவினார்.

ஆகவே எதிரியின் சிறந்த குதிரைப்படை நிற்கும் பக்கத்தில், முதல் வரிசைக்குச் சற்றுப் பின்னால் யானைகளை நிறுத்துங்கள். அவை எத்தனை படைப்பிரிவுகளை அழித்தன என்று எண்ணுவதைவிட, எதிரியின் குதிரைகள் எத்தனை சுற்றுகள் முன்னேற முடியாமல் நின்றன என்று கணக்கிடுங்கள். செலவிட்ட புள்ளிகள் எங்கே திரும்பி வந்தன என்பது தெரியும்.

கேள்வி: யானைகளுக்குத் துணைப்படை அவசியமா? பின்னால் யாரை நிறுத்துவது?

பதில்: மிகவும் அவசியம். ஈட்டி எறிவோரும் வில்லாளரும் கவணெறிவோரும்தான் யானையின் முதல் எதிரிகள். அவர்களை யானையால் துரத்திப் பிடிக்க முடியாது. கி.மு. 312இல் காசாவில், சங்கிலியால் பிணைத்த கூர்முனைத் தடைகளை எகிப்தை ஆண்ட முதலாம் தாலமியின் ஆட்கள் தரையில் பரப்பி யானைகளை நிறுத்தி, பாகர்களை எய்து வீழ்த்தினர். டெமெட்ரியஸ் தம் யானைகளை இழந்தார். எனவே ஒவ்வொரு யானைப் பிரிவின் இருபுறமும் உங்கள் இலகுரகக் காலாட்களை நிறுத்தி, எதிரியின் எறிபடையை எட்டவே வைத்திருங்கள். மலிவான பிரிவுகள்தானே என்று பலரும் இவர்களைப் படைப்பட்டியலிலிருந்து முதலில் வெட்டுவது எனக்குப் புரிவதே இல்லை.

பின்புறத்தை வெற்றிடமாக விடுவதே நல்லது. கி.மு. 190 அளவில் நடந்த மக்னீசியா போரில், செலூக்கஸின் வழிவந்த மன்னர் மூன்றாம் ஆண்டியோகஸ் தம் நெடுவேற்படையைப் பத்துப் பிரிவுகளாக்கி, இடைவெளிதோறும் யானைகளைச் செருகியிருந்தார். ரோமானிய எறிபடைகளால் காயமுற்ற அந்த யானைகள் வெறிகொண்டதும், பக்கத்திலிருந்த சொந்த அணிதான் குலைந்தது. வெறிகொண்ட யானையைப் பாகனே கொல்ல விதி இடம் தந்தால் தயங்காதீர்கள். மெடாரஸ் போரில் ஹானிபலின் தம்பி ஹஸ்த்ருபாலின் பாகர்கள் அதற்கென்றே உளியும் சுத்தியலும் வைத்திருந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

கேள்வி: இந்திய யானையா, ஆப்பிரிக்க யானையா?

பதில்: கி.மு. 217இல் ராஃபியாவில் எகிப்திய மன்னர் நான்காம் தாலமியின் 73 ஆப்பிரிக்க யானைகளில் பெரும்பாலானவை, மூன்றாம் ஆண்டியோகஸின் 102 இந்திய யானைகளோடு மோத அஞ்சின. ஆகவே யானையோடு யானை மோதும் ஆட்டமென்றால் இந்திய யானையையே எடுங்கள். ஆனால் அந்தப் போரில் வென்றவர் தாலமி; தீர்ப்பை எழுதியது அவருடைய நடுக்களக் காலாட்படை.