பசுமைக்குடில் கொய்மலர்: கேள்வி – பதில்

கேள்வி: ஜெர்பரா பசுமைக்குடில் ஒன்றில் மூன்று உர அளவுகளை ஒப்பிட்டு இறுதியாண்டு ஆய்வு செய்யப் போகிறேன். பாத்திக்கு ஓர் அளவு என மூன்று பாத்திகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 20 செடிகளைக் கணக்கெடுத்தால் போதுமா? குடிலுக்குள் எல்லா இடமும் ஒன்றுதானே?
– தோட்டக்கலை மாணவி, ஓசூர்

பதில்: போதாது. குடிலுக்குள் எல்லா இடமும் ஒன்று என்ற நினைப்பில்தான் நல்ல ஆய்வுகள்கூடக் கெட்டுப் போகின்றன. பக்கத் திரையை ஒட்டிய பாத்தி காற்றடித்துச் சீக்கிரம் காயும். நடுப்பாத்தியில் ஈரமும் வெக்கையும் தங்கும். சொட்டுநீர்க் குழாயின் கடைசியில் அழுத்தம் குறையலாம். நீங்கள் சொல்கிறபடி செய்தால், ஒரு பாத்தி நிறையப் பூத்தது உரத்தாலா, இடத்தாலா என்று பிரித்தறிய வழியே இருக்காது. உரம் பாத்தி முழுமைக்கும் ஒன்றாகப் போகிறது. ஆகவே அந்த 20 செடிகள் 20 ரெப்ளிகேஷன் (ஒரே அளவைத் தனித்தனி இடங்களில் திரும்பச் செய்வது) ஆகா, அது ஒன்றுதான்.

திரைக்கு இணையாகக் குடிலைப் பட்டை பட்டையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையும் ஒரு பிளாக்; அதற்குள் ஓர் உர அளவு பெறும் துண்டு ஒரு பிளாட். எந்த அளவு எந்தப் பிளாட்டுக்கு என்பதைப் பிளாக்குக்குப் பிளாக் தனியாகச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பிழைக்கான, அதாவது உரத்தால் வராத வேறுபாட்டை அளப்பதற்கான டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (அளவுகளில் ஒன்றும் பிளாக்குகளில் ஒன்றும் குறைத்துப் பெருக்கினால் வருவது) 12 வர வேண்டுமானால் மூன்று அளவுக்கு 7 பிளாக், அதாவது 21 பிளாட் வேண்டும். குடில்காரர் இப்போது கொடுக்கும் அளவையே நான்காவதாகச் சேர்த்தால் 5 பிளாக், 20 பிளாட்டில் அதே 12 கிடைத்துவிடும். இடமும் மிச்சம், விவசாயிக்குப் பயன்படும் ஒப்பீடும் கிடைக்கும். எங்கள் பரிந்துரை இதுதான்.

பிளாட்டுக்கு 3 மீட்டர் நீளப் பாத்தி. இரண்டு வரிசை, செடிக்குச் செடி 30 செ.மீ. என்றால் 20 செடிகள் வரும். வரிசையின் இரு முனையிலும் இரண்டிரண்டு செடிகளை விட்டுவிட்டு, நடுவில் உள்ள 12 செடிகளை மட்டும் கணக்கெடுங்கள். பிளாட்டுகளுக்கு இடையே பாத்தியின் ஆழம் வரை பிளாஸ்டிக் தாளைப் புதைத்தால் உரநீர் பக்கத்துப் பிளாட்டுக்குக் கசியாது.

பிளாட்டுக்கு ஒரு வால்வு போடச் செலவாகும். சொட்டுநீரில் வெறும் தண்ணீரை விட்டு, கரைத்த உரத்தை அளந்து கையால் ஊற்றலாம். ஊற்றும் கரைசலின் அளவு எல்லாப் பிளாட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். உரத்தின் அளவு மட்டும் மாறட்டும். தொடங்கும் முன் டிரிப்பர்களைச் சோதியுங்கள்: கீழே கப் வைத்து 6 நிமிடம் பிடித்தால், மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் 200 மி.லி. தர வேண்டும். குழாயின் தலைக்கும் வாலுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் அடைப்பை நீக்குங்கள்.

பூவைப் பறிக்கும் பக்குவமும் எல்லாப் பிளாட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவட்டில் வெளிப்புறச் சிறு பூக்கள் இரண்டு வரிசை விரிந்த பிறகே பறியுங்கள். வெட்ட வேண்டாம், காம்பை லேசாகத் திருகி இழுங்கள். அதற்கு முன்பே பறித்தால் ஜாடியில் கழுத்து தொங்கிவிடும். அதை உரத்தின் குறை என்று எழுதிவிடுவீர்கள்.

கேள்வி: பகல் நீளம் பூப்பதை எப்படி மாற்றுகிறது என்று மாணவர்களுக்குக் குறைந்த செலவில் காட்ட முடியுமா?
– கல்லூரி ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: முடியும். பகல் நீளம் பூப்பதை மாற்றும் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும் 1920-இல் எழுதிய உண்மையைச் செவ்வந்தித் தொட்டிகள் இருந்தால் நீங்களே காட்டிவிடலாம். செவ்வந்தி குறும்பகல் செடி, அதாவது பகல் குறுகி இரவு நீளும்போது பூப்பது. தமிழ்நாட்டில் நீண்ட பகலே சுமார் 13 மணி நேரம்தான் என்பதால், வெளிச்சம் கொடுக்காவிட்டால் செடி வளரும் முன்பே மொட்டு கட்டிவிடும். வேர்பிடித்த துண்டுகளை அக்டோபரில் நட்டு, முதல் இரண்டு வாரம் எல்லாத் தொட்டிகளுக்கும் இரவு 10 முதல் 2 மணி வரை எல்.இ.டி. விளக்குப் போடுங்கள். பிறகு பாதித் தொட்டிகளை விளக்கிலிருந்து பிரித்து, நடுவே கறுப்புத் துணித் திரை கட்டுங்கள். பிரித்தவை மூன்று நான்கு வாரத்தில் மொட்டு காட்டும்; விளக்கின் கீழ் இருப்பவை இலைகளாகவே வளரும். செடியின் நுனியில் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு போதும். தெருவிளக்கு ஒளி உள்ளே விழுந்தால் பிரித்த தொட்டிகளும் மொட்டு கட்டத் தாமதிக்கும், பாடமே குழம்பிவிடும்.

கேள்வி: கார்னேஷன் மொட்டின் புல்லி (இதழ்களைச் சுற்றியுள்ள பச்சை உறை) ஒரு பக்கமாக வெடித்துவிடுகிறது. என்ன செய்வது?
– விவசாயி, கோத்தகிரி

பதில்: இரவு கடுங்குளிரும் பகல் வெயிலும் மாறி மாறி வரும்போது இதழ்கள் கூடுதலாக உருவாகிப் புல்லியைப் பிளக்கின்றன. பொழுது சாயும் முன்பே பக்கத் திரையை இறக்கி உள்ளே வெதுவெதுப்பைப் பிடித்து வையுங்கள். காலையில் சிறிது சிறிதாகத் திறங்கள். போரான் என்ற நுண்ணூட்டம் குறைந்தாலும் வெடிக்கும் என்பதால் இலைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குறை உறுதியானால் மட்டும் லிட்டருக்கு 1 கிராம் போராக்ஸ் கரைத்துத் தெளிக்கலாம். போரானில் பற்றாக்குறைக்கும் நச்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இலை ஓரம் கருகத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். வெடிக்கும் ரகமென்று தெரிந்தால், மொட்டு நிறம் காட்டும் முன்பே மெல்லிய ரப்பர் வளையம் மாட்டிவிடுங்கள்.