முதலில் அந்தத் தங்கையை வகுப்புக்கு அனுப்புங்கள்

கேள்வி: அம்மா, கடலூரை ஒட்டிய ஒரு கடற்கரைக் கிராமத்தில், அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் விறைப்பாக இருக்கும், வாக்கர் பிடித்து நடப்பான். புத்தியில் ஒரு குறையும் இல்லை, நன்றாகப் படிப்பான். பி.டி. பீரியடில் அவனை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவேன். தனியாக இருக்க வேண்டாமே என்று ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவன் தங்கையை அழைத்துத் துணைக்கு உட்கார வைக்கிறோம். கழிப்பறைக்கும் அவள்தான் கூட்டிப்போவாள். அவர்கள் அம்மா மீன் விற்கப் போகிறவர். ‘பாப்பா பாத்துக்குவா சார்’ என்று அவரே சொல்லிவிட்டார், அதனால் அதில் பிரச்சினை இல்லை. இப்போது விளையாட்டு விழா வருகிறது. ‘சார், நானும் ஏதாவது ஒண்ணுல கலந்துக்கறேன்’ என்கிறான். பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் படித்தபோது இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கீழே விழுந்தால் யார் பதில் சொல்வது என்கிறார் தலைமையாசிரியர். பையன் மனமும் நோகக் கூடாது. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: தம்பி, ‘அதில் பிரச்சினை இல்லை’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

ஐந்தாம் வகுப்பு என்றால் பத்து வயது. நீங்கள் மைதானத்தில் விசில் ஊதும் நேரத்தில் அவள் வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது? கடிதத்தில் அது இல்லை. உங்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கணக்காக இருக்கலாம், ஆங்கிலமாக இருக்கலாம். கால அட்டவணை வாராவாரம் மாறுவதில்லை, ஆகவே அவள் விடுவதும் அதே பாடத்தைத்தான். வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்று வைத்தால்கூட ஓர் ஆண்டில் எழுபது, எண்பது பாடவேளை போய்விடும். எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கு வராமல் அவள் திட்டு வாங்கும்போது இதெல்லாம் யாருக்கும் நினைவிருக்காது.

மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் இதைப் பல தடவை பார்த்துவிட்டேன். அந்தக் குழந்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். வீட்டிலிருக்கும் இன்னொரு பெண் பிள்ளை ஒரு வரியில் வந்து போவாள். தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள், கூடவே உட்கார்ந்திருப்பாள், விசேஷத்துக்குப் போகாமல் வீட்டில் இருப்பாள். தங்கைக்குப் பதிலாக ஐந்தாம் வகுப்பில் ஒரு தம்பி இருந்திருந்தால் அவனை வகுப்பிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்திருப்பீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அண்ணனுக்குத் தங்கை துணையாக இருக்க வேண்டும் என்று நானும் நம்புகிறவள்தான். கூடப் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் கைவிடக் கூடாது. பெற்றோர் காலத்துக்குப் பிறகு அவனுக்கு அவள் வேண்டும், அவளுக்கும் அவன் வேண்டும். ஆனால் அது அவள் வளர்ந்து, படித்து, சொந்தக் காலில் நின்று, தானாக மனமுவந்து ஏற்க வேண்டிய கடமை. பத்து வயதில் ஒரு பள்ளிக்கூடம் அதை அவள் தலையில் தூக்கி வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் அண்ணன் மேல் இருக்கும் பாசமே அவளுக்குக் கசந்துபோகும். இப்போது அவனோடு சண்டை போட வேண்டிய வயது, தம்பி, அவனுக்குக் காவல் இருக்கும் வயதில்லை.

கழிப்பறை விஷயத்தில் எனக்கு வந்தது கோபம்தான். பன்னிரண்டு வயசுப் பையன். இன்னும் கொஞ்ச நாளில் மீசை அரும்பிவிடும். அவனைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது பத்து வயசுத் தங்கை. இருவரில் யாருக்கு அதிகக் கூச்சம் என்று யாராவது கேட்டீர்களா? காலையிலிருந்து எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தான் என்று ஒரு நாள் அவனைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். இந்த நிலையில் இருக்கும் பிள்ளைகள் பலர் தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை தாக்குப்பிடிப்பார்கள். கடலூர் வெயிலில் அது என்ன பாடுபடுத்தும் என்று உடற்கல்வி படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கழிப்பறைச் சுவரில் அவன் கை எட்டும் உயரத்தில் கெட்டியான கைப்பிடிக் கம்பி இருந்தால், வாக்கர் உள்ளே நுழையும் அளவுக்கு வாசல் அகலமாக இருந்தால், அவனே போய்வர வாய்ப்பிருக்கிறது. அது நடக்கும்வரை ஆண் ஆசிரியர் ஒருவர் உதவட்டும். நீங்கள் இருக்கும் அரை நாளில் அது நீங்கள்தான்.

அம்மாவைப் போய்க் குறை சொல்லாதீர்கள். விடியும் முன் மீன் எடுக்கத் துறைமுகத்துக்குப் போகிறவர் வேறு என்ன சொல்வார்? பள்ளியில் ஏற்பாடு எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு, தன்னிடம் இருந்த ஒரே ஏற்பாட்டைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டது உங்கள் தப்பு. ‘அவனை நாங்க பாத்துக்கறோம், பாப்பா அவ கிளாஸ்ல இருக்கட்டும்’ என்று நீங்கள் நேரில் போய்ச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு அது பெரிய செய்தி.

சரி, இப்போது பையனுக்கு வருவோம். உங்களைப் போன்ற பகுதிநேர ஆசிரியர்கள் கேட்கும் சம்பளமும் பணி நிரந்தரமும் நியாயமான கோரிக்கைகள், நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த பி.டி. பாடவேளை அவனுடையதும்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 16-ஆவது பிரிவில், கல்வியோடு விளையாட்டு வாய்ப்பையும் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது. கட்டடமும் வளாகமும் இவர்களுக்குப் பயன்படும்படி இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. கைப்பிடிக் கம்பிக்குப் பணம் இல்லை என்று தலைமையாசிரியர் சொன்னால் இதைக் காட்டுங்கள்.

யாரும் சொல்லித்தரவில்லை என்கிறீர்கள். கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். ‘விளையாடலாமா?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ‘வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வலிப்பு வருமா, இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா, காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறதா, எந்த அசைவு கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். கீழே விழுந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில். மற்ற பிள்ளைகள் கபடியில் முட்டி பெயர்ந்து வரும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லையே.

அப்புறம் உங்கள் விசில். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடும், விறைப்பு இன்னும் இறுகும். வாக்கரோடு நிற்கும்போது அப்படி ஆனால் விழுவான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள், அல்லது கொடியைத் தூக்கிக் காட்டுங்கள். கடற்கரை ஊர் என்பதால் மைதானம் மணலாகத்தான் இருக்கும். வாக்கர் சக்கரம் அதில் உருளாது, காலை வணக்கம் நடக்கும் சிமென்ட் தரைக்கு ஆட்டத்தைக் கொண்டு வாருங்கள். நடப்பதற்கே அவனுக்கு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி செலவாகும். கொஞ்ச நேரம் ஆட்டம், கொஞ்ச நேரம் ஓய்வு என்று மாற்றி மாற்றி வையுங்கள். தசையை நிதானமாக நீட்டி விட்டபின் தொடங்குங்கள். வெடுக்கென்று இழுக்கவே கூடாது.

என்ன ஆட்டம்? போச்சியா என்று ஒன்று இருக்கிறது. இவனைப் போன்றவர்களுக்காகவே வளர்ந்த ஆட்டம், 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஒரு வெள்ளைப் பந்தை முதலில் எறிவார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு சிவப்புப் பந்து, மறுபக்கத்துக்கு ஆறு நீலப் பந்து. வெள்ளைக்கு மிக அருகில் யார் பந்து நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. உட்கார்ந்தபடியே ஆடலாம். பார்க்கச் சாதாரணம், ஆடிப் பார்த்தால் சதுரங்கம் மாதிரி யோசிக்க வைக்கும். எதிராளியின் பந்தைத் தட்டிவிடுவதா, வழியை மறிப்பதா என்று ஒவ்வொரு எறிக்கும் திட்டம் வேண்டும். அசல் பந்து 275 கிராம் இருக்கும். பழைய சாக்ஸில் மணலை அந்த எடைக்கு நிரப்பி, இறுக்கித் தைத்து, சாயம் பூசினால் உங்களுக்குப் போதும். கை ஓங்க முடியாத பிள்ளை யாராவது பிறகு வந்து சேர்ந்தால், பி.வி.சி. குழாயை நெடுக்காகப் பிளந்து சாய்த்து வைத்து, அதில் உருட்டிவிடச் சொல்லலாம். ஆனால் அதற்கு உருளும் பந்து வேண்டும், சாக்ஸ் பந்து உருளாது.

உட்கார்ந்து ஆடும் வாலிபாலும் உண்டு. வகுப்பு முழுவதும் தரையில் உட்கார்ந்து ஆடட்டும். இவனுக்குக் காலை நீட்டி உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் சுண்டி இழுக்கும், அதனால் இவனுக்கு மட்டும் தாழ்வான முக்காலி போடுங்கள். விதியில் அதற்கு இடமில்லை, உங்கள் பள்ளியில் இருக்கட்டும்.

மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றி அவனிடம் சொல்லியிருப்பீர்கள். ஐந்து வயதில் காலில் பேருந்து ஏறி நசுங்கி, 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியவர். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார வைத்தால் பையன் என்ன நினைப்பான்? மாரியப்பனுக்குள் இருந்த ஆட்டக்காரரை முதலில் பார்த்தது அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். இவன் பதக்கம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேர்க்க விறுவிறுக்க ஆடி, தோற்று, அடுத்த வாரம் பழி வாங்க வேண்டும் என்று துடிக்கிற உரிமை அவனுக்கும் வேண்டும். ஆர்வம் நிலைத்தால் முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் விசாரியுங்கள்.

விளையாட்டு விழாவில் அவனுக்கென்று தனியாக எதையும் நடத்தாதீர்கள். போச்சியாவை எல்லா அணிகளும் ஆடும் போட்டியாக அறிவியுங்கள். இன்றிலிருந்தே அவன் பயிற்சி எடுக்கட்டும், மற்றவர்களும் எடுக்கட்டும். அவன் ஜெயித்தால் அந்தப் புள்ளிகள் அணிக் கணக்கில் ஏற வேண்டும், தோற்றால் தோல்விதான். மேடைக்குத் தூக்கிக்கொண்டு போய், எல்லோரையும் கைதட்டச் சொல்லி, ஆறுதல் பரிசு என்று டிபன் பாக்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.