ஒரே வார்த்தை ஐரோப்பால மொழிக்கு மொழி வேற வேற அர்த்தம் தர்றதுக்கு நல்ல உதாரணம் சொல்ல முடியுமா?

எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது 'கிஃப்ட்' தான். இங்கிலீஷ்ல பரிசு, ஜெர்மன்ல விஷம், ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன்ல 'கல்யாணம் ஆனவர்', அதே மூணு மொழியிலயும் விஷமும் அது தான். இதை மீமா ஷேர் பண்ணி சிரிச்சிட்டு போயிடுறாங்க, ஏதோ தற்செயலா ஒரே எழுத்துல அமைஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்கறாங்க, ஆனா அப்படி இல்லங்க, எல்லாமே ஒரு வயித்துப் பிள்ளைங்க தான்.

இங்கிலீஷ், ஜெர்மன், ஸ்வீடிஷ் எல்லாத்துக்கும் தாயான பழைய ஜெர்மானிய மொழியில 'கொடு'ங்கற வினையில இருந்து வந்த பெயர்ச்சொல் இது. அர்த்தம் வெறும் 'கொடுக்கிறது', அவ்வளவு தான். யார் யாருக்கு எதைக் கொடுக்கறாங்கங்கறதுல தான் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பக்கம் போயிருக்கு.

ஸ்வீடிஷ் பக்கம் போனது பொண்ணு குடுக்கிறது. நாமளும் 'அந்த ஊர்ல பொண்ணு குடுத்திருக்கோம்'னு தான சொல்றோம், அதனால நமக்கு இது புரியறதுல ஒரு கஷ்டமும் இல்ல. இன்னிக்கும் ஸ்வீடன்ல ஒரு ஃபார்ம் எடுத்தீங்கன்னா திருமண நிலைங்கற இடத்துல 'கிஃப்ட்', 'ஊகிஃப்ட்'னு போட்டிருக்கும், கல்யாணம் ஆனவர், ஆகாதவர்னு அர்த்தம். அதே நாட்டு அரசாங்கம் வச்சிருக்கிற சுற்றுச்சூழல் இலக்குகள்ல ஒண்ணோட பேர் 'கிஃப்ட்ஃப்ரீ மில்யோ', அதாவது நச்சு இல்லாத சூழல். ரெண்டையும் அவங்க குழப்பிக்கறதே இல்ல, பேச்சுல இடம் பார்த்து தானாவே பிரிச்சுக்கறாங்க.

இங்கிலீஷ்லயும் முதல்ல கல்யாண வாடை தான் அடிச்சது. பழைய இங்கிலீஷ்ல இந்த வார்த்தைக்கு பொண்ணுக்காக மாப்பிள்ளை தர்ற பரிசப்பணம்னு அர்த்தம், பன்மையில சொன்னா கல்யாணமே. உச்சரிப்பும் 'யிஃப்ட்' மாதிரி தான் இருந்திருக்கு. அப்புறம் டென்மார்க், நார்வே பக்கத்துக் கடலோடிங்களான வைக்கிங்குங்க வந்து இங்கிலாந்துல குடியேறினாங்க இல்லையா, அவங்க நார்ஸ் மொழியில 'க' சத்தத்தோட, பரிசுங்கற அர்த்தத்தோட இருந்த சொந்தக்கார வார்த்தை தான் கடைசியில நிலைச்சு நின்னுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜெர்மன் கதை. அங்கயும் ஒரு காலத்துல 'கொடை'ங்கற அர்த்தம் இருந்துச்சு, அதோட மிச்சம் 'மிட்கிஃப்ட்'ங்கற வார்த்தையில இன்னும் ஒட்டிட்டு இருக்கு, பொண்ணு கூடவே குடுத்து அனுப்புற சீர், வரதட்சணை. அப்போ விஷம் எங்க இருந்து வந்துச்சு? கிரேக்க வைத்தியருங்க ஒரு வேளைக்குக் குடுக்கிற மருந்தை 'டோசிஸ்'னு சொன்னாங்க, அதுக்கும் நேர் அர்த்தம் 'கொடுக்கிறது' தான். அது லத்தீன் வழியா வந்தப்ப ஜெர்மன்காரங்க அதே அச்சுல தங்களோட வார்த்தையைப் போட்டாங்க. குடுத்தது மருந்தா விஷமாங்கறது அளவைப் பொறுத்தது, வெளிப்படையா விஷம்னு சொல்ல வாய் கூசறப்போ 'கொடுத்தது'ன்னு சொல்றது மறைவா இருந்துச்சு, போகப்போக அந்த மறைவு அர்த்தமே முழு அர்த்தமாயிடுச்சு. நாம எலிக்கு வைக்கிற விஷத்தை எலி மருந்துன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அந்த வழி தான். ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மொழிங்களுக்கும் விஷம்ங்கற அர்த்தம் ஜெர்மன் பக்கத்துல இருந்து போனது தான்.

டச்சு மட்டும் ரெண்டையும் வச்சுக்கிச்சு, 'கிஃப்ட்'னா நன்கொடை, கடைசி எழுத்தை எடுத்துட்டு 'கிஃப்'னா விஷம். ஆனா விஷமுள்ளதுன்னு சொல்லும்போது அந்த எழுத்து திரும்ப வந்து 'கிஃப்டிக்'னு ஆயிடும்.

அப்போ ஜெர்மன்ல பரிசுக்கு என்னன்னா 'கெஷெங்க்'. அதோட மூல வினைக்கு பழைய அர்த்தம் குடிக்கறதுக்கு ஊத்திக் குடுக்கிறது. இங்கிலீஷ்ல விஷத்தைச் சொல்ற 'பாய்சன்' இருக்கே, அது லத்தீன்ல 'பானம்'ங்கற வார்த்தையில இருந்து பிரெஞ்சு வழியா வந்தது. ஆக, ஒரு மொழியில ஊத்திக் குடுத்தது பரிசாச்சு, இன்னொரு மொழியில குடிச்சது விஷமாச்சு. மார்செல் மோஸ்னு ஒரு பிரெஞ்சு மானுடவியலாளர் 1924-ல இந்த ஒரு வார்த்தையை வச்சே ஒரு சின்ன கட்டுரை எழுதியிருக்கார், அந்தக் கால ஜெர்மானிய சமூகத்துல பரிசுன்னா பெரும்பாலும் சேர்ந்து குடிக்கறது தான், அந்தக் கோப்பையில என்ன இருக்குன்னு வாங்கறவனுக்கு நிச்சயம் கிடையாதுங்கறது அவரோட வாதம். எனக்கு அது நியாயமாத் தான் படுது, ஆனா அர்த்தம் மாறினதுக்கு வைத்தியர் வழி தான் வலுவான காரணம்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு, அந்த 'டோசிஸ்' நம்ம பக்கமும் வந்திருக்கு. சமஸ்கிருதத்துல இருந்து தமிழுக்கு வந்த 'தானம்', லத்தீன் வழி வந்த 'டொனேஷன்', டாக்டர் சொல்ற 'டோஸ்' எல்லாத்துக்கும் வேர் ஒண்ணு தான், 'கொடு'ங்கற இந்தோ ஐரோப்பிய வேர். இதுல கிஃப்ட்டோட வேர் மட்டும் தனி. அந்த டோஸை தான் நாம ஆபீஸ்ல மேனேஜர் கிட்ட 'செம டோஸ் வாங்கினேன்'னு திட்டு வாங்கினதுக்கும் சொல்லிட்டு இருக்கோம்.