பழவேற்காட்டில் தூண்டில்: படகு வேண்டாம், கரையே போதும்

டிசம்பர் கடைசியில் பிள்ளைகளோடு பழவேற்காடு போய், படகெடுத்து ஏரியில் தூண்டில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். படகு மட்டும் வேண்டாங்க. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரின் இழுப்பு அதிகம்.

கரையிலேயே உட்காருங்கள். ஆனால் முதலில் அங்குள்ள மீனவரிடம் கேளுங்கள். ‘பாடு’ என்று முறைவைத்து, யார் எங்கே எந்த நாளில் வலை போடுவது என்று அவர்களே பிரித்துக்கொள்வார்கள். அது அவர்கள் பிழைப்பு, குறுக்கே தூண்டில் வீசக் கூடாது.

இரைக்கு உயிர் இறால் வாங்குங்கள். வால் பக்கம் முள்ளைக் கோத்தால் துள்ளிக்கொண்டே இருக்கும். கொடுவா மீன் அதற்குத்தான் வரும். நீரேற்ற நேரம் பார்த்துப் போங்கள். அப்புறம், டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.