பதிலைக் கேட்காதீர்கள், கேள்வி கேட்கச் சொல்லுங்கள்

கேள்வி: சார், நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. அண்ணா பல்கலைக்கழக செமஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. ஐந்து யூனிட்டையும் சாட்ஜிபிடியில் போட்டுச் சுருக்கம் எடுத்துவிட்டேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது, நோட்டை மூடினால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. கூகுளின் நோட்புக்எல்எம் ஆப்புக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: சுருக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தால் எதற்கு மாறினாலும் இதே கதைதான். கண்ணுக்குப் பழகிப்போன வரியை, தெரிந்த வரி என்று மனசு எடுத்துக்கொள்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒரு பகுதியை நான்கு தடவை படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் போனதும் அவர்களுக்கு நினைவில் நின்றது சுமார் 40 சதவீதம். ஒரே தடவை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

அதனால் சாட்ஜிபிடியைக் கேள்வி கேட்கும் ஆளாக்குங்கள். "இந்த நோட்ஸிலிருந்து இரண்டு மார்க் கேள்வி பத்து கேள். ஒவ்வொன்றாகக் கேள். நான் எழுதி முடிக்கும்வரை விடையைச் சொல்லாதே" என்று தட்டுங்கள். பதிலைப் பேனாவால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பி, எதை விட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதின்மூன்று மார்க் கேள்விக்கும் இதே முறைதான். ஹாலில் மூன்று மணி நேரம் எழுதப்போவது உங்கள் கைதான், அதற்கும் பழக்கம் வேண்டும்.

கணக்குகளில் மட்டும் சாட்ஜிபிடியை அப்படியே நம்பவேண்டாம். அடுத்து எந்தச் சொல் வரலாம் என்று கணித்துக் கணித்தே அது எழுதுகிறது, அதனால் தப்பையும் அதே உறுதியோடு சொல்லும். ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸில் பேஜ் ரீபிளேஸ்மென்ட் எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது மெமரி நிறைந்திருக்கும்போது புதுப் பேஜுக்காக எந்தப் பழைய பேஜை வெளியேற்றுவது என்ற கணக்கு. 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பேஜ்கள் கேட்கப்படுகின்றன. முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் ஃபிஃபோ முறையில், மெமரியில் மூன்று ஃபிரேம் (பேஜ் வைக்கும் இடம்) என்றால் 9 பேஜ் ஃபால்ட் (கேட்ட பேஜ் மெமரியில் இல்லாத தடவைகள்), நான்கு ஃபிரேம் என்றால் 10. இடம் கூடியும் ஃபால்ட் கூடுகிறது. இதுதான் பெலாடி அனாமலி. முதலில் கட்டம் போட்டு நீங்களே எண்ணுங்கள், பிறகு அதன் விடையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் டெக்ஸ்ட்புக்கைத் திறங்கள். ஏன் வித்தியாசம் வந்தது என்று தேடும் அந்தப் பத்து நிமிடம்தான் உண்மையான படிப்பு, அதைத் தவறவிடாதீர்கள்.

நோட்புக்எல்எம் நீங்கள் ஏற்றிய நோட்ஸை வைத்தே பதில் சொல்லும், எந்த இடத்திலிருந்து எடுத்தது என்றும் காட்டும். சரிபார்க்க வசதியானது, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேறெந்த ஆப்பையும் இந்த வாரம் இறக்க வேண்டாம்.

இன்று இரவே ஒரு பழைய வினாத்தாளின் பார்ட் ஏ-யை நோட்டைத் திறக்காமல் எழுதிப் பாருங்கள். விட்டுப்போன கேள்விகள் எந்த யூனிட்டில் அதிகமோ, நாளை காலை அதிலிருந்து தொடங்குங்கள்.