திருவாடானை 1942: அரசு விழா கேட்பதற்கு முன்

கேள்வி: தொண்டி பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். 1942 ஆகஸ்டில் மக்கள் திருவாடானை சிறையை உடைத்து, விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்டார்கள். அதன் 85-ம் ஆண்டு 2027-ல் வருகிறது. அரசு விழா, நினைவு மண்டபம், அஞ்சல்தலை மூன்றும் கேட்டு முதல்வருக்கு மனு அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம். ஆனால் மூன்றையும் ஒரே மனுவில் அடுக்காதீர்கள். துறை துறையாகச் சுற்றி, 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும்.

முதலில் ஆண்டுக் கணக்கு. அரசுகளுக்கு 25, 50, 75, 100 என்றால்தான் கண் திறக்கும். சுதந்திரத்தின் 75-க்கு என்ன நடந்தது என்று பார்த்தோமே! 2022 ஆகஸ்ட் 15-க்கு 75 வாரங்கள் முன்னதாக, தண்டி யாத்திரை தொடங்கிய மார்ச் 12-ம் தேதி பார்த்து, 2021-லேயே அமுதப் பெருவிழாவைத் தொடங்கினார்கள். 85-க்கு டெல்லியில் அந்த மரியாதை கிடைக்காது. எனவே 2027-ல் மாவட்ட அளவில் ஒரு நிகழ்ச்சி, 2042 நூற்றாண்டுக்குப் பெரிய கோரிக்கை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆதாரம். பாதி மனுக்கள் விழுவது இங்கேதான். ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பது கோப்பில் ஏறாது. அன்றைய ராமநாதபுரம் மாவட்டம் இன்றைய சிவகங்கை, விருதுநகர் பகுதிகளையும் சேர்த்தது; 1985-ல்தான் பிரிந்தது. ஆட்சியர் அலுவலகமும் நீண்ட காலம் மதுரையில் இருந்தே இயங்கியது. ஆகவே ராமநாதபுரத்தோடு தேடலை நிறுத்தாதீர்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். மாகாண அரசுகள் டெல்லிக்கு அனுப்பிய இருவார அறிக்கைகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன; அதன் 'அபிலேக் படல்' இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். அந்தக் காலப் பத்திரிகைகளுக்கு சென்னை ரோஜா முத்தையா நூலகம்.

இவற்றைவிட நெருக்கமான ஆதாரம் உங்கள் ஊர்ப் பெட்டிகளிலேயே இருக்கலாம். 1972-ல் சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டித் தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் கொடுத்தார்கள். மத்திய அரசின் ஓய்வூதியமும் அந்த ஆண்டுதான் தொடங்கியது. ஓய்வூதியத்துக்குச் சிறைச் சான்று கேட்டார்கள். அந்தத் தாள்களின் நகல் வாரிசுகளிடம் இருந்தால், உங்கள் மனுவுக்கு அதைவிடப் பலம் வேறில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சிறையை உடைத்தது ஒரு கூட்டம். மனுவில் நாலு பேரை மட்டும் முன்னால் நிறுத்தினால், மற்ற குடும்பங்களும் ஊர்களும் கேள்வி கேட்கும். அதிகாரிகள் 'சட்டம் ஒழுங்கு' என்று கோப்பை மூடிவிடுவார்கள். நம் மாவட்டத்தில் அந்தப் பயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. நிகழ்வின் பெயரில் கேளுங்கள், ஆளின் பெயரில் வேண்டாம்.

சரி, எப்போது கொடுப்பது? தலைவர்களின் பிறந்தநாள், மணிமண்டபம் எல்லாம் தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறையின் கையில். அறிவிப்பு வருவது பெரும்பாலும் சட்டமன்றத்தில் துறைகளின் நிதி மீது நடக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில். 2027 ஆகஸ்டுக்கு விழா வேண்டுமானால், முந்தைய ஆண்டின் இறுதிக்குள் ஆட்சியரின் பரிந்துரை சென்னைக்குப் போயிருக்க வேண்டும். செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி என்று அந்த இரண்டு மாதமும் மாவட்ட நிர்வாகம் பந்தோபஸ்து வேலையில் மூழ்கியிருக்கும். ஜூலையிலேயே ஒரு திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டு நகலைப் பின்னால் சேருங்கள். அப்புறம் சட்டமன்ற உறுப்பினரின் கடிதம்.

மண்டபத்தை இப்போதைக்கு விடுங்கள். இடம், பராமரிப்பு, காவலாள் என்று இழுக்கும். தொண்டிக் கடற்கரையில் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேறு. சாலையோரச் சிலைக்கு 2013-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. பழைய சிறை இருந்த இடம் இன்று எந்தத் துறையிடம் இருக்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, அங்கே ஒரு கல்வெட்டு கேளுங்கள். செலவு குறைவு, மறுக்கக் காரணமும் குறைவு.

அஞ்சல்தலை டெல்லியில் முடிவாவது. இரண்டு ஆண்டாவது முன்கூட்டிக் கேட்க வேண்டும், கேட்டாலும் போட்டி கடுமை. அதற்குப் பதில் சிறப்பு அஞ்சல் உறை கேளுங்கள். அதுவும் அதற்கான தேதி முத்திரையும் தமிழ்நாடு அஞ்சல் வட்ட அளவிலேயே முடிகிற காரியம். கட்டணம் உண்டு, உங்கள் மன்றமே விண்ணப்பிக்கலாம். ராமநாதபுரம் அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளரைப் பாருங்கள்.