சாரை விட்டுப் போகலாமா?

அன்புள்ள அக்கா,

எனக்கு 33 வயது. பாறசாலையில் வீடு, நெய்யாற்றின்கரையில் வேலை. நான்கு வருடத்துக்கு முன் அண்ணன் மகளை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்க்கப் போய் நானும் சேர்ந்தேன். எல்லோரும் சிரித்தபோது ‘வா, படி’ என்றவர் எங்கள் சார் மட்டும்தான். ஹேண்ட்ஸ்டாண்ட், கார்ட்வீல், ரவுண்ட் ஆஃப் எல்லாம் அவர் சொல்லித் தந்ததுதான். ஒரு வருடமாக பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கில், அதாவது பின்னால் குதித்துக் கை ஊன்றி மறுபடி காலில் இறங்குவதில், தேங்கிவிட்டேன். பயம். மணிக்கட்டிலும் வலி. சார் ‘பேடிக்கண்டா, சாடு’ (பயப்படாதே, குதி) என்கிறார். சாடாவிட்டால் சின்னப் பிள்ளைகளைக் காட்டுகிறார். திருவனந்தபுரத்தில் பெரியவர்களுக்கென்றே ஞாயிறு வகுப்பு எடுக்கும் ஒரு கோச் இருக்கிறார். ஒரு நாள் போய்ப் பார்த்தேன், பிடித்திருந்தது. ஆனால் சாரை விட்டுப் போனால் நன்றிகெட்டவள் ஆகிவிட மாட்டேனா? ஒலிம்பிக் வரை போன ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர் ஒரே கோச்சிடம்தானே இருந்தார்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தீபாவிலிருந்தே தொடங்குகிறேன். அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் சோமா நந்தி. அப்புறம்தான் சோமாவின் கணவர் பிஸ்வேஸ்வர் நந்தியிடம் வந்தார். தீபாவுக்குத் தட்டைப் பாதம். ஓடிவந்து, மேசை போன்ற சாதனத்தில் கை ஊன்றித் தாண்டும் ‘வால்ட்’டில் குதிக்கும் ஒருவருக்கு அது பெரிய தடை. அந்தக் காலை வைத்துக்கொண்டே எப்படிக் குதிப்பது என்று நந்தி யோசித்தார், அதற்கென்று தனியாகப் பயிற்சி கொடுத்தார். 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட்டில் தீபா 15.066 புள்ளி எடுத்து நான்காவதாக வந்ததற்குப் பின்னால் அந்த யோசனை இருக்கிறது. அவர்கள் சேர்ந்தே இருந்ததைப் பார்க்கிற நாம் இதையும் பார்க்க வேண்டும்.

இதே கேள்வியை உங்கள் சாரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உங்கள் உடம்புக்காக அவர் எதையாவது மாற்றினாரா?

முப்பது வயதுக்கு மேல் வருகிற உடம்பு வேறு. தசை சீக்கிரம் பலப்பட்டுவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் நிதானமாகத்தான் வரும். நாளெல்லாம் மேசையில் குனிந்து வேலை செய்கிறவருக்குக் கையைக் காதோடு ஒட்டித் தூக்கினால் தோள் முழுக்கத் திறக்காது. திறக்காத தோளோடு பின்னால் சாடினால் அந்த வளைவைக் கீழ்முதுகு ஏற்றுக்கொள்ளும், மீதி எடை மணிக்கட்டில் வந்து விழும். உங்கள் வலி இங்கிருந்து வந்திருக்கலாம். அதனால் கோச்சை மாற்றுவதற்கு முன் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் ஒரு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ மணிக்கட்டைக் காட்டிவிடுங்கள். இது முதல் வேலை. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளையை ஒருவர் ஒரே கையால் தாங்கித் திருப்பிவிடலாம். வளர்ந்த பெண்ணை அப்படி முடியாது. இடுப்பிலும் தொடையிலும் கை வைத்துத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் தயங்காமல் பிடிக்க வேண்டும். நம் ஊரில் ஆண் கோச் கூச்சப்படுவார், நாமும் கூச்சப்படுவோம், யாரும் வாய் திறக்க மாட்டோம். அரைமனதாக நீட்டிய கையை நம்பி எந்த உடம்பும் பின்னால் சாடாது. இதற்கு வழி இருக்கிறது. இரண்டு பேர் பிடிக்கலாம், உருளை மெத்தையில் பழக்கலாம், கயிறு கட்டிய பெல்ட் போடலாம், காற்றடைத்த மெத்தையில் தொடங்கலாம். ஒரு வருடத்தில் இதில் ஒன்றாவது உங்களுக்குக் கிடைத்ததா? கிடைக்காமல் வெறும் ‘சாடு’ மட்டுமே கிடைத்திருந்தால், உங்கள் பயம் சரியான பயம்தான். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ், காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனதால் குழு இறுதிப் போட்டியின் நடுவில் விலகினார். அவரைக் கோழை என்று நான் நினைக்கவில்லை. உங்களையும் நினைக்கவில்லை.

நன்றியைப் பற்றி. தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பள்ளி வைத்தார். அவரிடம் படித்தவர்கள் வெளியே போய் வேறு கூடாரங்களில் ஆடினார்கள், சொந்தமாக சர்க்கஸ் கம்பெனியும் தொடங்கினார்கள். அதனால் அவருடைய பெயர் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நாட்டையே மாற்றி ஆடிய ஜிம்னாஸ்டும் இருக்கிறார். மகனின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்காக உஸ்பெகிஸ்தானிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒக்சானா சுசோவிதினா, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்காக வால்ட்டில் வெள்ளி வாங்கினார். அப்போது அவருக்கும் 33.

என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் மாற வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். சார் நல்லவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பயப்படும் பெரியவரிடம் சின்னப் பிள்ளைகளைக் காட்டுவது பயிற்சி ஆகாது. அவருக்குத் தெரிந்தது குழந்தைகளின் உடம்பு, அங்கே அவர் இன்னும் நிறையச் செய்வார்.

சொல்லாமல் மட்டும் போகாதீர்கள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு நேரில் போய், “சார், கை வலிக்கிறது, பயமாகவும் இருக்கிறது, கொஞ்ச நாள் பெரியவர்கள் வகுப்பில் அடிப்படையிலிருந்து மறுபடி தொடங்கப் போகிறேன்” என்று சொல்லுங்கள். அவர் கோபப்படலாம். ‘அப்படியானால் நானே மாற்றிச் சொல்லித் தருகிறேன்’ என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள். அந்த மாதத்தில் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் பேச்சே வேண்டாம், தோளும் மணிக்கட்டும் மட்டும். அண்ணன் மகள் அங்கேயே தொடரட்டும்.

ஞாயிறு கோச்சிடம் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: “இன்றைக்கு என்னால் முடியாது என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள்?” பதிலில் ஒரு படி கீழே இறங்கிச் செய்ய வேண்டிய பயிற்சி வந்தால் சேருங்கள். வெறும் உற்சாகப் பேச்சு வந்தால், அவரிடமும் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா